மலக்குடல் அறுவைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

காவிரிக் கடைமடையில் மலத்தோடு ரத்தம் போனால் அது மூலம்தான் என்று வீட்டிலேயே முடிவாகிவிடும். கருணைக்கிழங்கு மசியல் சாப்பிடு, மோர் குடி, காரத்தைக் குறை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பல பேருக்கு அது மூலமாகவே இருந்து சரியாகியும் விடுகிறது. அதனால்தான், மூலம் அல்லாத வேறொன்று இருப்பவர்கள் மாதக்கணக்கில் ஏமாந்துபோகிறார்கள்.

எனக்கு ரத்தம் மலத்தோடு கலந்து, சளி மாதிரி வழுவழுப்போடு வந்தது. கழிப்பறைக்குப் போய்விட்டு வந்த மறுநிமிடமே இன்னும் போக வேண்டும் போலிருக்கும். போய் உட்கார்ந்தால் ஒன்றும் வராது. மலம் வழக்கத்தைவிட மெலிந்திருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. மூலத்துக்கு மருந்து கொடுத்தவர் களிம்பும் மாத்திரையும் எழுதினாரே தவிர, ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. பிறகு மன்னார்குடியில் ஒரு பெண் மருத்துவர் கையுறை போட்டு விரலால் சோதித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "உள்ளே கட்டி தட்டுப்படுகிறது. குழாய் விட்டுக் குடலுக்குள் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்தாக வேண்டும்" என்றார். அதில் எடுத்த சதைத் துணுக்கு பயாப்ஸிக்குப் போனது. அடினோகார்சினோமா என்று முடிவு வந்தது. மலக்குடலில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் இந்த வகைதான்.

ஆசனவாயில் ரத்தம் என்று யார் போனாலும், விரலால் சோதிக்காமல் மருந்து எழுதினால் அந்தச் சீட்டை வாங்காதீர்கள். கூச்சமாக இருந்தால் பெண் மருத்துவரைத் தேடிப் போங்கள். தாழ்வாக இருக்கும் கட்டிகளில் பல விரலுக்கே எட்டிவிடும். உயரத்தில் இருப்பவை எட்டாது. அதனால் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை என்றாலும் ரத்தம் நிற்காவிட்டால் உள்ளே குழாய் விட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

நான் தையல் வேலை செய்பவள். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் எங்கள் ஊர். கணவர் கொஞ்சம் நிலம் சாகுபடி செய்கிறார். மகள் செவிலியர் படிப்பு படித்தவள். இங்கே நான் எழுதுவதில் பாதி அவள் புரியவைத்தது, மீதி என் உடம்பு கற்றுக்கொடுத்தது.

நோய் தெரிந்தவுடன் எல்லோரும் மருத்துவரிடம் கேட்பது ‘குணமாகுமா?’ என்றுதான். நாங்களும் அதையே கேட்டோம். மகள்தான் இன்னொன்றையும் கேட்டாள்: "அறுவைக்குப் பிறகு அம்மா எப்படி மலம் கழிப்பார்கள்?" அறையில் இருந்த எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது. ஆனால் அதற்குப் பதில் சொல்லும்போதுதான் அந்த மருத்துவர் தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டினார். அதுவரை சொல்லாத அத்தனையும் அப்போதுதான் வெளியே வந்தன. மலக்குடல் அறுவைக்குப் போகிற ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவர் சொன்னது இதுதான். ஆசனவாய் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் வரை உள்ள பகுதி மலக்குடல். கட்டி அந்த 15-இல் எத்தனையாவது சென்டிமீட்டரில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் எல்லாம். மேலே இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் இணைத்துவிடலாம். ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கும் சுருக்குத் தசையையே கட்டி தொட்டுவிட்டால் ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிட்டு, வயிற்றில் நிரந்தரமாக வழி வைக்க வேண்டியிருக்கும். 1908-இல் மைல்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதிவைத்த அறுவை இது. நீண்ட காலம் பெரும்பாலான நோயாளிகளுக்கு இது ஒன்றுதான் வழியாக இருந்ததாம். பிறகு இணைப்பு போடும் கருவிகள் வந்தன. 1982-இல் ஹீல்ட் என்ற இன்னொரு ஆங்கிலேய மருத்துவர், மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைக் கிழியாமல் முழுதாக எடுத்தால் அதே இடத்தில் நோய் திரும்புவது வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார். இன்று நல்ல அறுவை என்று சொல்வது அந்த உறையை முழுதாக எடுப்பதைத்தான்.

கட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, அந்த உறையின் ஓரத்தைத் தொடுகிறதா, சுருக்குத் தசை தப்புமா என்பதை இடுப்பு எம்.ஆர்.ஐ. காட்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சி.டி. ஸ்கேன், ரத்தத்தில் சி.இ.ஏ. என்ற, இந்தப் புற்றுநோயில் கூடக்கூடிய புரதத்தை அளக்கும் சோதனை. இவை கையில் வருவதற்கு முன்னால் அறுவைக்கு நாள் குறித்தால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கத்துக்காரர்கள் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும், 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையத்துக்கும் போகிறார்கள். எங்கே போனாலும் அறுவை, கதிர்வீச்சு, கீமோ மூன்றின் மருத்துவர்களும் சேர்ந்து உட்கார்ந்து உங்கள் படங்களைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி முதலில் அந்த வேலையை முடியுங்கள். புற்றுநோய் சிகிச்சைக்குப் போகிறவருக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையின் கையெழுத்து வேண்டும்.

எனக்கு முதலில் கதிர்வீச்சு. எங்கள் பக்கம் அதைக் கரண்ட் வைப்பது என்பார்கள். வாரத்தில் ஐந்து நாள் என ஐந்து வாரத்துக்கு மேல் தொடர்வது ஒரு முறை. ஐந்தே நாளில் அதிக அளவாகக் கொடுத்து முடிப்பது இன்னொரு முறை. எனக்கு நீண்ட முறை, கூடவே கேப்பசிட்டபின் என்ற கீமோ மாத்திரை. வலி எதுவும் தெரியாது என்று எல்லோரும் சொன்னார்கள். முதல் சில வாரங்கள் அது உண்மை. கடைசியில் ஆசனவாயைச் சுற்றித் தோல் வெந்துபோனது. தையல் மெஷினில் உட்கார முடியவில்லை. வெதுவெதுப்பான நீரில் உட்கார்வதும், பருத்தி உள்ளாடையும், மருத்துவர் கொடுத்த களிம்பும்தான் துணை. கண்டதைத் தடவாதீர்கள்.

இடுப்பில் கதிர்வீச்சு பட்டால் சினைப்பை வேலை நின்றுவிடும், மாதவிடாய் நின்றுபோகும். இனிக் குழந்தை வேண்டும் என்று நினைக்கிற இளம்பெண்களும் ஆண்களும் சிகிச்சை தொடங்கும் முன்பே கருமுட்டையையோ விந்தையோ பாதுகாத்துவைப்பதைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும். என்னோடு கதிர்வீச்சுக்கு வந்த ஒரு பெண் முப்பது வயதைத் தாண்டாதவள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனது ஆறவில்லை.

கதிர்வீச்சு முடிந்த பிறகு சில வாரங்கள் காத்திருக்கச் சொன்னார்கள். உறவுக்காரர்கள் வீட்டுக்கு வந்து, "வியாதியை வைத்துக்கொண்டு ஏன் சும்மா இருக்கிறீர்கள்?" என்று கேட்டுக் கலங்கடித்தார்கள். கதிர்வீச்சு நின்ற பிறகும் கட்டி சுருங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தைக் கொடுத்தால்தான் அறுவை சுலபமாகும். சிலருக்குக் கட்டி முழுக்க மறைந்தே போகிறது. அப்படி மறைந்தவர்களில் சிலரை அறுவை செய்யாமல் கண்காணிப்பில் வைக்கும் முறையை பிரேசில் நாட்டு மருத்துவர் ஹப்ர்-காமா 2004-இல் விரிவாக எழுதினார். அதற்குச் சில மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் சோதனைக்கு வந்தாக வேண்டும். என் கட்டி சுருங்கியது, மறையவில்லை.

அறுவைக்கு முந்தின நாள் நடந்த ஒரு சின்ன விஷயம் அடுத்த பல மாதங்களின் நிம்மதியைத் தீர்மானித்தது. எனக்கு இணைப்பு மிகத் தாழ்வாக வரும் என்பதால், அது ஆறும்வரை மலம் அந்த வழியாகப் போகாதபடி சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எடுத்து வைப்பார்கள். இலியோஸ்டமி என்று பெயர். எல்லோரும் ‘பை வைப்பது’ என்கிறார்கள். அந்த இடத்தை முன்கூட்டியே பேனாவால் குறிக்க வேண்டும். படுக்கவைத்து மட்டும் குறித்தால் போதாது. உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியவைத்துப் பார்க்க வேண்டும். எனக்குக் குறிக்க வந்த செவிலியரிடம் நான் பாவாடை நாடா கட்டும் இடத்தைக் காட்டினேன். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தும் காட்டினேன். மடிப்பு விழாத, நாடா அழுத்தாத, என் கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்துக் குறித்தார். வார்டில் ஒரு அம்மாவுக்கு வெளியே எடுத்த குடலின் வாய் மடிப்புக்குள் அமைந்துவிட்டது. அவருக்குப் பை ஒரு நாள்கூட ஒட்டி நிற்கவில்லை. அறுவைக்கு முன் யாரும் குறிக்க வரவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். வேட்டி கட்டுபவர்கள் வேட்டியோடு போய் நில்லுங்கள்.

அறுவை பல மணி நேரம் நடந்தது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். மறுநாளே பிடித்து எழுப்பி நடக்கவைத்தார்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டார்கள். மூன்று பந்து உள்ள கருவியைக் கொடுத்தார்கள். அதை ஊதக் கூடாது, மூச்சை உள்ளே இழுத்துப் பந்துகளை மேலே ஏற்ற வேண்டும். வார்டில் பாதிப் பேர் ஊதிக்கொண்டிருந்தார்கள். நுரையீரலில் சளி கட்டாமல் இருக்க அது எவ்வளவு உதவும் என்பதை யாராவது நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

முதல் வாரத்தின் இறுதியில்தான் சோதனை வந்தது. காலையில் நன்றாக நடந்தேன். மாலையில் நெஞ்சு படபடவென்று அடித்தது. லேசான காய்ச்சல். அடிவயிற்றிலும் வால் எலும்புப் பக்கமும் கனமான வலி. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். நாடித் துடிப்பு 120-ஐத் தாண்டியிருப்பதை மகள் கவனித்துவிட்டாள். "அறுவை செய்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வார்டில் சொன்னதை அவள் ஏற்கவில்லை. பணி மருத்துவர் வந்து பார்க்கும்வரை அவரிடம் போய் நின்றாள். ரத்தப் பரிசோதனையும் சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். இணைத்த இடத்தில் சிறு கசிவு. இடுப்புக்குள் சீழ் சேர்ந்திருந்தது.

இந்த அறுவையில் மருத்துவர்கள் அதிகம் அஞ்சும் சிக்கல் இதுதான். தாழ்வாகப் போடும் இணைப்புகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது வருகிறது. மருத்துவர் கைதேர்ந்தவராக இருந்தாலும் வரலாம். அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலோ, முன்பே கதிர்வீச்சு பட்டிருந்தாலோ, உடம்பில் சத்து குறைந்திருந்தாலோ, புகைப்பழக்கம் இருந்தாலோ வாய்ப்பு கூடும். வயிறு முழுக்கப் பரவினால் உடனே மறுபடி திறந்து, இணைப்பையே பிரிக்க வேண்டியும் வரும். உயிருக்கே ஆபத்து. எனக்குப் பை இருந்ததால் கசிந்த வழியில் மலம் போகவில்லை. ஸ்கேன் பார்த்தபடியே ஒரு மெல்லிய குழாயை உள்ளே செலுத்திச் சீழை வடித்தார்கள். நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். மறுபடி கத்தி வைக்க வேண்டிய நிலை வரவில்லை.

ஆகவே துணைக்கு இருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அறுவை முடிந்த முதல் இரண்டு வாரம் நாடித் துடிப்பைக் கவனியுங்கள். காய்ச்சல், படபடப்பு, வயிறு உப்புதல், கூடிக்கொண்டே போகும் வலி, நேற்று சாப்பிட்டவர் இன்று சாப்பிட மறுப்பது, ஆசனவாய் வழியாகச் சீழ் வருவது, இவற்றில் எது வந்தாலும் இரவு என்று பார்க்காமல் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு என்றால் உள்ளூரில் ஊசி போட்டுக்கொண்டு காத்திருக்காமல் அறுவை செய்த இடத்துக்கே கிளம்புங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, இரவில் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறுநீர்க் குழாயை எடுத்த பிறகு எனக்குச் சிறுநீர் பிரியவில்லை. மறுபடி குழாய் வைத்து, சில நாள் கழித்து எடுத்தபோது சரியானது. சிறுநீர்ப்பைக்கும் தாம்பத்தியத்துக்கும் போகும் நரம்புகள் மலக்குடலின் இரு பக்கமும் ஒட்டியே ஓடுகின்றன. அவற்றுக்கு அடிபட்டால் ஆண்களுக்கு விறைப்புக் குறையலாம், விந்து வெளிவராமல் போகலாம். பெண்களுக்குக் கதிர்வீச்சும் சேர்ந்து பிறப்புறுப்பு வறண்டு குறுகிவிடலாம். அதற்கு விரிப்பான் கருவியும் களிம்பும் உண்டு. இதை எந்த மருத்துவரும் தானாக என்னிடம் பேசவில்லை. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போய்க் கேட்க வேண்டிய விஷயம் இது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பையைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டுக்கு வந்த பிறகு அதுதான் வாழ்க்கை. வயிற்றில் தெரியும் குடல் வாய் செக்கச்சிவந்து ஈரமாக இருக்க வேண்டும். அதைத் தொட்டால் வலிக்காது. அதில் அந்த உணர்வு நரம்பு கிடையாது. லேசாகத் துடைக்கும்போது ஒரு சொட்டு ரத்தம் வந்தால் பயம் வேண்டாம். கறுத்துப்போனால் உடனே மருத்துவமனை. ஒட்டும் தட்டில் வெட்டுகிற துளை, வாயைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் பெரிதாக இருக்க வேண்டும். அதற்கு மேல் பெரிதானால் வெளிவரும் நீர் தோலில் பட்டு அரித்துப் புண்ணாக்கிவிடும். சிறுகுடல் நீரில் செரிமானத் திரவம் இருப்பதால் அது தோலையே செரிக்கப் பார்க்கும். முதல் இரண்டு மாதங்களில் வாய் சுருங்கிக்கொண்டே வரும். ஆகவே அளவை அடிக்கடி எடுக்க வேண்டும். இதில் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. அட்டையில் அளவு எடுத்து, அதை வைத்து வெட்டிக்கொள்வேன். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலிசெய்துவிட வேண்டும்; கனம் கூடினால் தட்டு பெயரும். காலையில் ஒன்றும் சாப்பிடுவதற்கு முன் தட்டு மாற்றினால் ஒழுக்கு குறைவாக இருக்கும்.

சித்திரை வெயிலில் வியர்த்து ஒட்டு பெயர்ந்தது. பைக்கும் தோலுக்கும் நடுவில் பருத்தி உறை ஒன்று தைத்துப் போட்டேன். அது பெரிய ஆறுதல். பாவாடைக்கு நாடாவுக்குப் பதில் அகலமான மென்பட்டி வைத்துத் தைத்துக்கொண்டேன். வார்டில் பழகிய சிலருக்கும் தைத்து அனுப்பினேன். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் கூரியர் வராது, பஸ் ஓடாது. ஆகவே புரட்டாசியிலேயே கூடுதலாகப் பைகளை வாங்கி நனையாத டப்பாவில் வைத்துவிடுவோம்.

பையைவிட என்னைப் படுக்கவைத்தது நீரிழப்பு. பெருங்குடல் வேலை செய்யாததால் அது உறிஞ்ச வேண்டிய நீரும் உப்பும் அப்படியே வெளியே வந்துவிடும். கீமோ தொடங்கிய பிறகு வயிற்றோட்டம் சேர்ந்துகொண்டது. தாகம் தாகம் என்று குடம் குடமாகத் தண்ணீரும் இளநீரும் குடித்தேன். குடிக்கக் குடிக்கப் பை நிரம்பியது. சிறுநீர் குறைந்தது, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, எழுந்தால் தலை சுற்றியது. மருத்துவமனையில் பார்த்தபோது, சிறுநீரகம் திணறினால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் ஏறியிருந்தது. உப்பில்லாத நீரை மட்டும் அதிகம் குடித்தால், அது உடம்பில் இருக்கும் உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது என்று அங்கே சொன்னார்கள். இளநீரிலும் சோடியம் குறைவுதான். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, ஜவ்வரிசி, வாழைப்பழம், இட்லி ஆகியவை வெளியேறுவதைக் கெட்டியாக்கும். மருத்துவர் சொன்னபடி, வயிற்றோட்டத்தைக் குறைக்கும் லோபரமைடு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் போட்டேன். பையிலிருந்து ஊற்றுவதை அளவுக் குவளையில் ஊற்றி நோட்டில் எழுதுங்கள். ஒரு நாளில் ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் அது எச்சரிக்கை.

சாப்பாட்டில் நார்தான் எதிரி. வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய்ச் சில்லு, பனங்கிழங்கு, சோளம், வேர்க்கடலை, பலாச்சுளை எல்லாம் குடல் வாயை அடைத்துவிடக்கூடும். தை மாதம் வீட்டில் பனங்கிழங்கு வேகும் மணம் வரும்போது கஷ்டமாகத்தான் இருக்கும். பை மணிக்கணக்கில் காலியாகவே இருந்து, வயிறு பிசைந்து வாந்தியும் வந்தால் அடைப்பு. காத்திருக்காமல் கிளம்ப வேண்டும். கனம் தூக்கவும் கூடாது. குடல் வாயைச் சுற்றிக் குடலிறக்கம் வந்துவிடும். நெல்மூட்டை தூக்கிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம், ஆனாலும் சொல்லுங்கள்.

கீமோவில் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும். குளிர்ந்ததைத் தொட்டால் ஊசி குத்தும். குளிர்ந்த நீர் குடித்தால் தொண்டை இறுகும். மார்கழி விடியலில் கோலமாவு விரலிடுக்கில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதை மருத்துவரிடம் சொன்னேன். அடுத்த சுற்றிலிருந்து மருந்தின் அளவைக் குறைத்தார். மரத்துப்போவது தொடர்ந்தால் நிரந்தரமாகத் தங்கிவிடலாம், ஆகவே பொறுத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு சுற்றிலும் சொல்ல வேண்டும். பாதமும் மரத்துவிடும். வயலில் வெறுங்காலோடு இறங்குபவர்கள் முள்ளோ கிளிஞ்சலோ கிழித்தால்கூட அறிய மாட்டார்கள். அந்த மாதங்களில் வயலுக்கு இறங்க வேண்டாம்.

கீமோ முடிந்து, இணைப்பு ஆறிவிட்டதைச் சாயம் ஏற்றி எடுத்த எக்ஸ்ரேயிலும் குழாய் விட்டும் உறுதிசெய்த பிறகு, குடலை உள்ளே வைத்து மூடினார்கள். கசிவு இருந்ததால் வழக்கத்தைவிடத் தாமதம். வீட்டில் எல்லோரும் இதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். எனக்கு அப்போதுதான் கடினமான காலம் தொடங்கியது.

மலக்குடல் ஒரு களஞ்சியம். மலத்தைச் சேர்த்துவைத்து, நாம் போகிற நேரத்தில் விடுவது அதன் வேலை. அதை எடுத்துவிட்டால் சேர்த்துவைக்க இடமில்லை. காலையில் உட்கார்ந்து எழுந்தால் பத்து நிமிடத்தில் மறுபடி, அரை மணியில் மறுபடி. வந்துவிட்டால் அடக்க அவகாசம் கிடையாது. காற்றா மலமா என்று பிரித்தறிய முடியாது. இரவில் துணி நனையும். இந்தத் தொல்லைகளின் தொகுப்புக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. டென்மார்க்கில் 2012-இல் இதை அளக்க ஐந்து கேள்விகள் கொண்ட மதிப்பெண் முறை ஒன்றை உருவாக்கினார்கள். இணைப்பு எவ்வளவு தாழ்வோ அவ்வளவு தொல்லை, கதிர்வீச்சும் பட்டிருந்தால் இன்னும் கூடும். மகள் கேட்ட அந்தக் கேள்விக்கு மருத்துவர் முன்பே இதையும் சொல்லியிருந்தார். அதனால் நோய் திரும்பிவிட்டதோ என்று நான் பதறவில்லை. என்னைப் போலவே அறுவை செய்துகொண்ட வேறொரு பெண்ணுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பல மாதம் வீட்டைவிட்டு வெளியே வராமல், சாப்பிடவும் பயந்து இளைத்துப்போனாள்.

பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு ஆண்டில் ஓரளவு அடங்கும். அதுவரை கைகொடுத்தவை: இசப்கோல் உமியைக் குறைந்த நீரில் கலந்து குடிப்பது, வெளியே போகும் நாளில் லோபரமைடு, இரவுச் சாப்பாட்டை முன்னதாகவே முடிப்பது, காப்பியையும் பாலையும் குறைப்பது. இடுப்புத் தளத் தசைக்கான பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொண்டு தினமும் செய்தேன். பலன் தெரியச் சில மாதம் பிடித்தது. கழுவிய பிறகு தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, துத்தநாகக் களிம்பு தடவினால் புண் வராது. ஆசனவாய் வழியாக வெதுவெதுப்பான நீரைச் செலுத்திக் குடலை ஒரேயடியாகக் காலிசெய்யும் முறையும் இருக்கிறது. மருத்துவர் இணைப்பைப் பார்த்து அனுமதித்த பிறகுதான் அதைச் செய்ய வேண்டும். பஸ்ஸில் போகும்போது மாற்றுத் துணியும் தண்ணீர்ப் பாட்டிலும் கைப்பையில் இருக்கும். தஞ்சாவூர் போகும் வழியில் எந்தப் பேருந்து நிலையத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம்.

பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் வேதாரண்யம் பக்கத்துப் பெரியவர் ஒருவரைப் பார்ப்பேன். ஆசனவாயையும் சேர்த்து எடுத்து, இடப்பக்கம் நிரந்தரமாகப் பை வைத்தவர். எடுத்த இடத்துப் புண் ஆற அவருக்குப் பல மாதம் ஆயிற்றாம். இல்லாத ஆசனவாயில் மலம் முட்டுவது போன்ற உணர்வு இன்னும் எப்போதாவது வருகிறதாம். அவர் என்னிடம் சொன்னார்: "அம்மாடி, எனக்குக் காலையில் ஒரு தடவை பையைச் சுத்தம் செய்தால் முடிந்தது. அப்புறம் என் வேலையை நான் பார்ப்பேன். உன்னை மாதிரி ஓட வேண்டியதில்லை." பெருங்குடலில் வைக்கும் பையில் மலம் கெட்டியாக வருவதால் நீரிழப்புத் தொல்லையும் குறைவு. என் நிலையையும் அவர் நிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்: நிரந்தரப் பை வந்துவிடும் என்ற பயத்தில் அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள், பையே வேண்டாம் என்று மருத்துவரை வற்புறுத்தவும் வேண்டாம். வயதானவர்களுக்கும், முன்பே ஆசனத் தசை தளர்ந்தவர்களுக்கும் நல்ல இடத்தில் வைத்த பை நிம்மதியான வழியாக அமையலாம். வேண்டியது, இரண்டு வழியிலும் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்து முடிவெடுப்பதுதான். அந்தந்த அறுவை செய்துகொண்ட ஒருவரிடம் பேச ஏற்பாடு செய்யும்படி மருத்துவமனையில் கேளுங்கள்.

அறுவையில் எடுத்ததைச் சோதித்து எழுதும் அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். குறைந்தது 12 நிணநீர் முடிச்சுகளைப் பார்த்திருக்கிறார்களா, ஓரங்கள் நோய் இல்லாமல் சுத்தமாக இருக்கின்றனவா என்பது அதில் இருக்கும். கதிர்வீச்சுக்குப் பிறகு எண்ணிக்கை குறைவாக இருந்தால் அதன் பொருளை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை, பிறகு ஐந்து ஆண்டு முடியும்வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அவ்வப்போது சி.டி. ஸ்கேன். ஓராண்டில் கொலோனோஸ்கோபி. அறுவடை, திருவிழா என்று எதற்காகவும் தள்ளிப்போடுவதில்லை. எனக்குப் போக மனமில்லாத நாளில் கணவர் வண்டியை எடுத்து வாசலில் நிறுத்திவிடுவார்.

உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால், 40 வயதில் அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாக, இரண்டில் எது முந்தியோ அப்போது கொலோனோஸ்கோபி பார்க்க வேண்டும். இதைச் சொன்னபோது தம்பி ஒரு வருடம் சாக்குச் சொன்னான். இந்தச் சம்பா நடவு முடிந்ததும் நானே கூட்டிக்கொண்டு போனேன். பெருங்குடலில் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி ஒன்று இருந்தது. குழாய் வழியாகவே அப்போதே எடுத்துவிட்டார்கள், பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை. அடுத்து திருத்துறைப்பூண்டியில் இருக்கும் அக்காவுக்கு நாள் வாங்கியிருக்கிறோம்.